கேள்வி எண் பதினேழு

"வீட்டைவிட்டுத் தனியா
வெளிய போய்வர முடியுதா சார்?
ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லுங்க."
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை,
இன்னும் நாற்பது வீடு பாக்கி உனக்கு.
சொல்கிறேன் அம்மா,
முதலில் அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்.

துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவன் நான்,
முப்பத்தொரு வருஷம்.
ஒரு டன் என்றால் எவ்வளவு என்று
கம்பி அதிர்வதிலேயே தெரியும்.
ஒன்பது அங்குலம் என்றால் எவ்வளவு என்று
போன ஐப்பசியில்தான் தெரிந்தது.

கல்மண்டபத்திலிருந்து ஸ்டான்லி வரை
மாதத்தில் இரண்டு செவ்வாய், சர்க்கரை மாத்திரைக்கு.
ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்பாய்.
இருக்கிறது. அதன் படி என் முட்டிக்கு மேலே,
பின்னால் நிற்பவர்களின் பொறுமை
அதற்கும் மேலே.

அதனால் நடக்கிறேன். நடப்பதென்றால்
உட்கார்ந்து உட்கார்ந்து போவது.
முதலில் மின்வாரியப் பெட்டியின் சிமெண்ட் மேடை,
மழைநாளில் ஆகாது, விரலில் சுர்ரென்னும்.
அப்புறம் ஷட்டர் தூக்காத அடகுக்கடைப் படி,
பத்து மணிக்குள் எழுந்துவிட வேண்டும்.
வாட்ச்மேன் தவசியப்பன் விரட்ட மாட்டான்,
இருமுவான்.
மாதா கெபியின் சுவரில்
எனக்கு முன்பே ரெஜினா இருப்பாள்,
இடுப்பில் கம்பி வைத்தவள்.
"நகந்து குந்து மாசிலாமணி" என்பாள்.
அதற்குமேல் பேச்சில்லை.
மூச்சு வாங்குகிறோம் இருவரும்,
வட்டிக்கு வாங்குகிற மாதிரி.

அதற்கப்பால் ஒரு கருங்கல் பலகை இருந்தது.
சாக்கடை மூடியாக வந்து
யார் புண்ணியத்திலோ பெஞ்சாகிப்போன கல்.
ஐப்பசியில் நடைபாதை போட்டார்கள்.
அழகு. சிவப்பும் சாம்பலுமாய் ஓடு,
கண் தெரியாதவர்களுக்கென்று நடுவில் மஞ்சள் கோடு.
அந்தக் கோடு நேராகப் போய்
டிரான்ஸ்ஃபார்மரில் முட்டி நிற்கிறது.
கல்லை எடுத்துவிட்டார்கள். ஆக்கிரமிப்பாம்.
ஓரத்து உயரத்தை ஊன்றுகோலில்
ஆணியால் கீறி எடுத்துவந்து
வீட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்பது.

ஏற முடியாமல் ரோட்டில் இறங்கினேன் அன்று.
தோளை உரசிக்கொண்டு கன்டெய்னர் லாரி.
எத்தனை பெட்டியை அந்தரத்தில் ஆட்டியவன்,
அன்றைக்குப் பெட்டி என்னை ஆட்டியது.

பேட்டரி கடை கவுஸ் பாய் பார்த்திருக்கிறார் போல.
அடுத்த தடவை போகிறேன்,
வாசலில் செத்துப்போன லாரி பேட்டரி ஒன்று,
ஆசிட் வடித்து, மேலே சாக்கு மடித்துப் போட்டு.
எனக்கென்று அவர் சொல்லவில்லை.
நானும் நன்றி சொல்லவில்லை.
உட்கார்ந்துகொண்டு
இன்வெர்ட்டர் பேட்டரி என்ன விலை என்று கேட்டேன்.

பிறகு ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு
அவர் பையனும் ரெஜினாவின் மருமகனும்
உடைந்த செங்கல், அரை மூட்டை சிமெண்ட்,
சரிவு ஒன்று போட்டார்கள். கோணல்தான்.
நான் டார்ச் பிடித்தேன். வின்ச்காரனுக்குக்
கைஜாடை மறக்குமா,
மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம், போதும்.
காலையில் முதலில் ஏறியது நாங்கள் இல்லை.
குடம் அடுக்கிய தள்ளுவண்டி.
முட்டைத் தட்டு கட்டிய சைக்கிள்.
அப்புறம், நம்ப மாட்டாய்,
குப்பை எடுக்க வந்த மாநகராட்சி வண்டி.
பதினாறு நாள் இருந்தது.
அதுவும் ஆக்கிரமிப்பாம்.

சரி, உன் பதினேழுக்கு வருகிறேன்.
என் முட்டியைக் கேட்கிறாயா, தெருவையா?
முட்டிக்கு மாத்திரை எழுதிவிட்டார்கள்.
தெருவுக்கு எந்தக் கவுண்டரில்
ஓ.பி. சீட்டு போடுகிறார்கள்?

அதற்கெல்லாம் கட்டம் இல்லை என்கிறாய்.
பரவாயில்லை, வெயில் ஏறுகிறது,
நாலாவது மாடிக்கும் நீ போகவேண்டும்,
லிஃப்ட் வராத வீடு அது.
ஆம் என்றே தட்டு.
ஓரத்தில் விரல்நுனி அளவு இடமிருந்தால்
இதையும் எழுதிவை:
கவுஸ் பாய் கடை திறந்திருக்கிற நாட்களில்.