யன்னல் விழும் இடம்

சனிக்கிழமை, ஏழரை மணி.
திருகோணமலை ஸ்டேஷனுக்குப் பின்னால்
புல் மூடிய பக்கத் தண்டவாளத்தில்
மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று.
சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்திருக்கிறோம்
ஓடிவிடும் என்பதுபோல.

வெளிச்சுவரில் நிறம் உரிக்கிறேன்.
மேலே மண்சிவப்பு, அதன் கீழ் ஒரு பச்சை,
பச்சைக்கும் கீழே பெயர் சொல்ல முடியாத சாம்பல்.
எந்த வருஷத்துக்குத் திருப்புவது என்று
மூன்று கிழமையாகச் சண்டை.
விஜேதுங்கவுக்குச் சிவப்பு: அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது.
நிஹாராவுக்குப் பச்சை: காரணம் ஒன்றுமில்லை, பிடிக்கும்.
முதலில் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்
என்கிறான் ஏணியிலிருந்து செபமாலை.

கடற்காற்று எங்களில் ஆறாவது ஆள்.
நாங்கள் சனியும் ஞாயிறும்,
அது ஏழு நாளும், இரவு வேலையும் சேர்த்து.
ஞாயிறு தேய்த்துவிட்டுப் போன ஆணித்தலையை
வெள்ளிக்குள் மறுபடி துருவாக்கி வைத்திருக்கும்.

மான்களும் வரும்.
இருக்கையிலிருந்து இழுத்துப் போட்ட தும்பை
முகர்ந்து, வேண்டாமென்று விட்டு,
நன்கொடைப் புத்தகத்தின் ஆறு பக்கங்களைத் தின்றன.
துஷ்யந்தன் வங்கிக்காரன்.
அவ்வளவையும் நினைவிலிருந்து திரும்ப எழுதினான்.
ஐம்பது ரூபாய் இடித்தது,
தன் பையிலிருந்து வைத்தான்.

ஒன்பதாம் யன்னல் இறங்க மறுத்தது.
உள்பலகையைக் கழற்றினோம்.
கண்ணாடி விழுந்து தங்குகிற அந்த ஒடுங்கிய பள்ளத்தில்
எத்தனை காலத்துக் கைதவறல்கள்!
தம்பலகாமம் வரைக்குமான அரை டிக்கெட்,
கச்சான் கோது, பல் உடைந்த சீப்பு,
குளவிக்கூட்டுக்குள் பாதி புதைந்த பிள்ளை வளையல்,
பிறகு ஒரு சாவி.

பித்தளை. நீல நூல் கட்டியது.
இது கைதவறி விழுந்ததில்லை என்றாள் நிஹாரா:
கடதாசியில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு
யாரோ விழுத்தியிருக்கிறார்கள்.
ரப்பர் உருகி ஒட்டியிருந்தது.
கடதாசி தொட்டதும் பொடி.

செபமாலை அதைத் தேநீர்ப் பெட்டியின் பூட்டில்
போட்டுப் பார்த்தான், சும்மா.
கழிவறைக் கதவில். தன் சைக்கிளில்.
சிரித்தோம்.
சிரிப்பு நின்ற இடத்தில்
ரயில் வராத வருஷங்களை
விஜேதுங்க சிங்களத்தில் எண்ணினார், நான் தமிழில்.
இரண்டு பேரும் ஒரே எண்ணில் வந்து நிற்கவில்லை.

கண்ணாடிப் பேழையில் வைக்கலாம்,
கீழே ஒரு குறிப்போடு, என்றான் துஷ்யந்தன்.
பேனையைத் திறந்து
‘சாவி’ என்று எழுதினான்.
அதற்கு மேல் வரவில்லை.

பின்னேரம் புதுப் பலகை வந்தது.
செபமாலை அதை அளவு பார்த்துப் பிடித்திருக்க
மூடுமுன், நான் சாவியைப் பள்ளத்துக்குள் விட்டேன்.
சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
ஒருவரும் கேட்கவில்லை.
ஆறு திருகாணியில் நாலைத்தான் முடுக்கினான் அவன்,
மிச்சம் இரண்டையும்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

யன்னல் இப்போது இறங்குகிறது,
கொஞ்சம் வேகமாகத்தான்.
விரலை எடுத்துக்கொள்ள வேண்டும்.