முன்குறி

தொலைநோக்கியைக் கழற்றி
பழைய காலுறைக்குள் சுருட்டிவைத்தேன்.
ஒன்பது வருஷம் அதன் வட்டத்துக்குள்
என் நாடித்துடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குறுக்குக்கோடு துள்ளும்,
நான் திட்டுவேன்.

இது ஹெக்ஸம் ஏலத்தில்
துருப்பிடித்த புல்வெட்டியோடு சேர்ந்து வந்தது.
ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் காற்றுத்துப்பாக்கி,
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
குழலை மடக்கினால் கீல் முனகுகிறது.
கட்டையில் யாரோ ஆணியால் கீறிய முயல்,
காது மூன்று.

கொட்டகைச் சுவரோரம் கடுகுத் தகரம்.
இருபது கெஜம். தூறல்.
பின்குறியின் பள்ளம், முன்குறி, தகரம்:
மூன்றும் ஒருசேரத் தெளியவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.

முன்குறி மட்டும் கறுப்பாய், கூராய்.
தகரம் ஒரு மஞ்சள் கறை.

கறை போதும்.

தட்.
இமைப்பொழுது தள்ளி,
ட்டிங்!

வேலிக்கு அப்பால் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்த மேவிஸ்
எண்ணிக்கை தப்பிக் கத்தினாள்:
"லயனல், என்ன உடைந்தது?"
"ஒன்றுமில்லை" என்றேன்,
சிரிப்பை அடக்கத் தெரியாமல்.

அடுத்த ஈயக்குண்டைத் துழாவுகையில்
சட்டைப்பைக்குள் விரல் நடுங்கியது.
நடுங்கட்டும்.
இங்கே அதைப் பெரிதாக்கிக் காட்ட
எதுவும் இல்லை.