தள்ளிப் போடுதல்

வங்கிக் கடிதம் வந்து ஆறு வாரம்.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
காட்டெருமைக் காந்தம் ஒன்று
அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
வீட்டுக் கடனைப் புதுப்பிக்க வேண்டும்.
நிலையான வட்டியா, மாறும் வட்டியா?
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.
இன்று வெள்ளிக்கிழமை.

சும்மா இருந்தேன் என்று
யாரும் சொல்லிவிட முடியாது.
என் கணினியில் நாற்பத்து மூன்று ஜன்னல்கள்
திறந்து கிடக்கின்றன.
வீட்டில்தான்
நவம்பரிலிருந்து ஒன்றும் திறக்கவில்லை.

அட்டவணை போட்டு
'முடிவு' என்று பெயர் வைத்தேன்.
பிறகு 'முடிவு இரண்டு'.
பிறகு 'இறுதி முடிவு'.
நேற்று இரவு ஒன்றேகாலுக்கு
'இறுதி முடிவு, புதியது'.

ஆய்வகத்தில் பெர்னடெட்
நிலையானதே நல்லது, தூக்கமாவது வரும் என்றாள்.
வான்கூவர் மைத்துனர்
மாறுவதில்தான் லாபம் என்றார்,
கொஞ்சம் பொறுத்து,
'ஆனால் யார் கண்டது' என்றார்.
நன்மாறன்
'நீ சொல்றதுதான் சரி' என்றான்.
நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மண்டைக்குள் சந்தை இரைச்சல்.
மகளின் ஸ்கேட்டிங் ஷூ ஓர் அளவு சிறிதாகிவிட்டது.
கடைவாய்ப் பல் கூசுகிறது.
சமையலறைக் குழாய் சொட்டுகிறது.
கோமளவல்லி அனுப்பிய நான்கு நிமிடக் குரல்
கேட்கப்படாமல் கிடக்கிறது.
எல்லாம் ஒரே உயரத்தில் கூப்பிடுகின்றன,
கடன் எது, குழாய் எது என்று
காதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள்.
என் கஞ்சி ஆறவில்லை, உறைந்துவிட்டது.
இது வின்னிபெக்.

விடிவதற்குள் முழங்காலுக்குப் பாதி பனி.
சுவரில் சொருகிய வயரின் வழியே
இரவெல்லாம் சூடு குடித்தபடி
வண்டி நிற்கிறது.
தெருவைத் துப்புரவாக்கிய நகராட்சி எந்திரம்
எங்கள் வாசலை அடைத்து
நல்ல உயரமாய் வரப்புக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது.
ஒன்பது மணிக்கு வேலை.

வழக்கமாக முழுவதையும் தள்ளுவேன்,
ஓரம் வெட்டி, நேர்கோடு பிடித்து,
பார்க்க யாரும் இல்லாவிட்டாலும்.
இன்று பாதியில் மூச்சு முட்டி
ஷவலில் சாய்ந்து நின்றேன்.
இமை முடியில் பனி ஒட்டியது.
வண்டிக்கு வாசல் முழுவதும் வேண்டாமே.
இரண்டு கோடு,
ஒவ்வொன்றும் ஒரு ஷவல் அகலம்.
நடுவில் இருப்பது
நடுவிலேயே இருக்கட்டும்.

தள்ளிப் போடுவது.
நம் பேச்சில் இதற்கு இரண்டு பொருள்.
பதினொரு குளிர்காலமாக
இரண்டையும் செய்துவருகிறேன்.
இரண்டிலும் முதுகு வலிக்கிறது.

பூட்ஸைக் கழற்றாமல்
தரையெல்லாம் ஈரமாக்கிக்கொண்டு போய்
கடிதத்தை எடுத்தேன்.
ஆறு வாரத்தில் ஊரில் உள்ள அத்தனையும் படித்தேன்,
இதைத் தவிர.
திருப்பினால், பின்பக்கத்தில்
மூன்றாவதாக ஒன்று இருந்தது:
நிலையான வட்டி, மூன்றே வருடம்.

அதுதான் சிறந்ததா? தெரியாது.
வட்டி குறைந்தால் ஒருநாள் வயிறு எரியும்.
மாதத் தவணை கட்ட முடியுமா?
முடியும்.
கட்டியபின் பல்லுக்கு மிஞ்சுமா?
மிஞ்சும்.
வேறு கேள்விகளும் இருந்தன,
தள்ளவில்லை.

எட்டு மணிக்கு அழைத்தேன்.
காத்திருப்பு இசை ஒன்பது நிமிடம்,
பேச்சு நான்கு நிமிடம்.
'அவ்வளவுதானா?' என்று கேட்டேன்.
'அவ்வளவுதான்' என்றாள்,
இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று
நான் எதிர்பார்த்தது அவளுக்குக் கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் மூடச் சொன்னதும்
கணினி கேட்டது:
நாற்பத்து மூன்றையுமா, நிச்சயமா?
அதற்கும் கொஞ்சம் யோசித்தேன்.

குழாய் சொட்டியது.
'சனிக்கிழமை' என்று
அதனிடம் வாய்விட்டே சொன்னேன்.

வயரைப் பிடுங்கி, சுருட்டி,
வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.
தள்ளாத நடுப்பனி
அடிவயிற்றை நெடுக உரசியது,
ஏதோ கேட்பதைப் போல.
நிறுத்தவில்லை.