இருபதுக்கு முப்பது

எங்கள் பக்கத்தில் சுவரில் ஏற வேண்டுமென்றால்
ஒன்று சாமியாக இருக்கணும்
இல்லை செத்துப்போயிருக்கணும்.
கல்யாண ஜோடிக்கு ஹாலில் ஓரிடம் உண்டு,
பிள்ளையின் சர்டிபிகேட் வந்து நகர்த்தும்வரை.
பதினொரு வருஷமாகக் கரண்ட் கணக்கெடுக்கிறேன்,
பார்த்த சுவர்களை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜனவரியில் அரியர்ஸ் வந்தது.
ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடுவதில்லை,
மாற்றிவிடலாம் என்றார் மாதேஷ்.
நான் போனிலிருந்த நாலாயிரத்துச் சொச்சத்தில்
மூன்றை எடுத்துக்கொண்டு
தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சனாவுல்லா ஸ்டுடியோவின் படியேறினேன்.

தொப்பூர்க் கணவாயில் சாய்ந்த லாரியிலிருந்து
ரோட்டைக் கடந்துகொண்டிருந்த தக்காளிகள்.
(டிரைவருக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்தேன்.)
சப் ஸ்டேஷன் மதில்மேல் காய்கிற
லைன்மேன் கையுறைகள், ஐந்து,
ஐந்தும் இடக்கை.
இண்டூரில் ஒரு வீட்டு மீட்டர்,
சக்கரம் சுற்றுகிற பழைய சாதி.
அதன் நெற்றியில் குளவி
மண் குழைத்துக் கூடு வைத்திருந்தது.

"ஆளே இல்லையே மேடம்" என்றார் சனாவுல்லா.
"ஆள் இல்லாததுக்கு எதுக்கு இருபதுக்கு முப்பது?"
பதில் என்னிடம் இல்லை.
அட்வான்ஸ் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனபோது
மீட்டரை மேஜைமேல் விரித்து
பென்சில் முனையால் ஓரிடம் காட்டினார்.
கண்ணாடியில், எண்களுக்குச் சற்று மேலே,
நான்.
பாதி முகம் போனுக்குப் பின்னால்.
வாய் மட்டும், பெருக்கிக் கழிக்கிற வாய்,
குவிந்திருந்தது.
என் தோளுக்கு அப்பால்
கிரில் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
சட்டை போடாத ஒரு பையன்.
இடுப்பை ஒடித்து, கழுத்தை நீட்டி,
நான் நிற்பதை அப்படியே நின்றுகொண்டிருந்தான்.
மற்றக் கையில் போனுக்குப் பதிலாக
சோப்பு டப்பா.

அன்றைக்கு அங்கே யாரும் இருந்ததாக
எனக்கு நினைவே இல்லை.
"ரெண்டு பேரையும் எடுத்துடட்டுமா?
அஞ்சு நிமிஷ வேலை."
வேண்டாம் என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

மாதேஷ் ஆணியோடு ஸ்டூலில் ஏறினார்.
"அங்க அடிக்காதீங்க, ஒயர் போகுது."
நாலு விரல் தள்ளி அடித்தார்.
இலக்கியம்பட்டி வாடகை வீடு,
மூன்று ஆணிக்கு
ஹவுஸ் ஓனரிடம் மூன்று பொய்.

காரிமங்கலத்து நாத்தனார் வந்தாள்.
கையுறைகளைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள்,
காலண்டரைத் தேடினாள்.
"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் மெதுவாக.
அவள் ஊருக்குப் போன பிறகு பார்த்தால்
தக்காளிப் படத்தின் சட்டத்தில்
ஒரு சந்தனப் பொட்டு.
துடைக்கவில்லை.

அடுத்த கணக்குக்கு இண்டூர் போனபோது
அந்தப் படத்தைச் சின்னதாகப் போட்டு
பையில் வைத்திருந்தேன்.
கிரில் பூட்டியிருந்தது.
"பெங்களூருக்கு, கட்டட வேலைக்கு" என்றாள்
பக்கத்து வீட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தவள்.
"பையனுமா?"
"அவனை யாருகிட்ட விடறது?"
கம்பிக்குள் எட்டிப் பார்த்தேன்.
எண்கள் தெரியவில்லை.
கூட்டில் துளை விழுந்திருந்தது,
குளவி வளர்ந்து கிளம்பிவிட்டது போல.
கதவு பூட்டு என்று குறித்தேன்.
பூட்டிய வீட்டுக்குப்
போன தடவைக் கணக்குத்தான்.

ராத்திரி, எல்லா விளக்கும் அணைந்த பிறகு,
ஹால் லைட்டை மட்டும் போட்டு
அந்தப் பையன் நின்றதுபோல் நின்று பார்த்தேன்.
கழுத்து வந்தது.
இடுப்பு அவ்வளவு ஒடியவில்லை.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கையில் ரிமோட்டை நீட்டிக்கொண்டு
வளைந்துகொண்டிருந்தபோது
தண்ணீர் எடுக்க வந்த மாதேஷ்
ஃப்ரிட்ஜைத் திறந்தபடி
அப்படியே நின்றார்.