வாடகை எலுமிச்சை

ஜனவரியில் லூலியோவுக்கு
ஒன்பதரைக்கு வருகிற வெளிச்சம்
இரண்டரைக்கெல்லாம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
அதற்குள் படம் எடுத்தாக வேண்டும்.
மிர்சாத் வேனைப் படியோடு ஒட்டி நிறுத்தினான்.
ஆட்டுத்தோல் இரண்டு, லினன் திரை நான்கு,
யாரும் புரட்டாத கனத்த புத்தகங்கள் பதினொன்று,
வெள்ளைக் கிண்ணம்,
கிண்ணத்துக்கு ஏழு எலுமிச்சை.

எலுமிச்சை மெழுகு.
போன வாரம் துறைமுகத்தை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில்
வாங்க வந்த ஒருவர் குனிந்து மோந்துவிட்டு
'என்ன வாசனை' என்றார்.
நான் மறுக்கவில்லை.

டோர்கெல் தன் நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்தார்.
கைப்பிடியில் நாய் கடித்த தடம்.
'இதுவும் போக வேண்டுமா?'
'இதுதான் முதலில்' என்றேன்.
பத்தொன்பது வருஷத்தை அட்டைப்பெட்டிகளில் இறக்க
இரண்டு நாள் பிடித்தது.
பனிச்சறுக்குக் கட்டை, ஓடாத காபி இயந்திரம்,
உறைந்த ஏரியில் மீனுக்குத் துளை போடும் திருகு.
தொலைபேசிக்கு மேலே சுவரில்
பென்சிலால் எழுதிய எண்களைப்
பெட்டியில் இறக்க முடியாது.
இரண்டு பூச்சு வெள்ளை அடித்தேன்.
பல் மருத்துவர் எண் மட்டும்
மூன்றாவது பூச்சு கேட்டது.

மாரிட் முன்பே போய்விட்டிருந்தாள்.
விற்றதும் ஆளுக்குப் பாதி என்று
வக்கீல் தாளில் இருந்தது.
சமையலறை இழுப்பறையைப் பற்றி
எந்தத் தாளிலும் இல்லை.
கரண்டி வைக்கிற இழுப்பறை.
பாதி வந்து முரண்டு பிடிக்கும்.
வலக்கையால் இழுத்து, முழங்காலால் முட்டி,
ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தால் திறக்கும் என்று
டோர்கெல் செய்து காட்டினார்,
கொஞ்சம் பெருமையோடுதான்.
அவர் போன பிறகு
மேசை அலங்காரத்துக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தியில்
ஒரு துண்டு உடைத்து
இழுப்பறை ஓடும் தடத்தில் தேய்த்தேன்.
மிர்சாத் ஒரு சிகரெட் முடிப்பதற்குள்
வேலை முடிந்தது.

ஞாயிறு, பன்னிரண்டிலிருந்து ஒரு மணி.
வாசலில் நீலப் பிளாஸ்டிக் ஷூ உறைகள் ஒரு கூடை.
வீட்டுக்காரர்கள் அந்த நேரம் அங்கே இருக்கக் கூடாது;
எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.
டோர்கெல் வந்தார்.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
வரிசையில் நின்று, உறை மாட்டி,
தரகருக்குப் பதில் வந்த பயிற்சிப் பையன் நீட்டிய
விவரத்தாளையும் வாங்கிக்கொண்டார்.
கால்மணி கழித்து மாரிட்.
அவளும் யாரோ போல.

நான் திரையைச் சரிசெய்கிற பாவனையில் நின்றேன்.
படுக்கையறையில்
ஒரே மாதிரி இரண்டு விளக்குகளுக்கு நடுவே
எதிர்ப்பட்டார்கள்.
'பார்க்க வந்தீர்களா?' என்றார் அவர்.
'சும்மா' என்றாள்.
ஒரு கர்ப்பிணிப் பெண் அவர்களைக் கண்ணால் காட்டித்
தன் கணவனிடம் முணுமுணுத்தாள்:
'அந்த ஜோடி விடாது போலிருக்கிறது,
நாம் இன்னும் ஐம்பதாயிரம் ஏற்ற வேண்டும்.'

பிறகு சமையலறை.
மாரிட் பழக்கத்தில்
முழங்காலைத் தயாராக வைத்து இழுத்தாள்.
அது வந்தது.
முழு நீளத்துக்கு, சத்தமில்லாமல்,
அவள் வயிற்றில் இடித்து நின்றது.
உள்ளே ஒன்றும் இல்லை.
தள்ளினாள். இழுத்தாள். தள்ளினாள்.
டோர்கெல் நிலைப்படியில்.
'என்ன செய்தீர்கள்?' என்னைத்தான் கேட்டாள்.
'மெழுகு.'
'மெழுகா.'
'ஒரு துண்டு.'
டோர்கெல் குனிந்து ஷூ உறையைச் சரிசெய்தார்,
வெகுநேரம்.

செவ்வாய்க்கிழமை வீடு போயிற்று,
கேட்ட விலைக்கும் மேலே, அந்தக் கர்ப்பிணிக்கு.
சாமான் ஏற்றும்போது எண்ணினேன்:
ஆட்டுத்தோல் இரண்டு, புத்தகம் பதினொன்று,
எலுமிச்சை ஆறு.
மிர்சாத் சோபாவுக்கு அடியில் துழாவினான்.
'கணக்கில் எழுதவா?'
வேண்டாம் என்றேன்.
இரண்டு பேரை நினைத்தேன்.
யார் என்று முடிவுக்கு வரவில்லை.

மதியம் அடுத்த வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
கிண்ணம் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தது.
ஓரத்தில் இருந்த ஒன்றை நடுவில் ஏற்றி வைத்தேன்.
வெளிச்சம் கிளம்ப
இன்னும் நாற்பது நிமிடம்.