அரை மணித்தியாலம்

எழுநூற்று எழுபது கிலோமீற்றர், என்றேன்.
மேலே ஒன்றரை மணித்தியாலம்.

மெற்றில்டா நம்பவில்லை.
கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் என் மேசைக்கு
இரண்டு பஸ் மாறி வந்தவள்;
காலி வீதி அவளை அவ்வளவு நேரம்
நிற்க வைத்திருந்தது.

"கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு?"
பேலியகொடையில் ஒரு லொறி பிரண்டால்
அது மாலேயைவிடத் தூரம்.

கைப்பையிலிருந்து ஒரு மட்டைத் துண்டு எடுத்தாள்.
வில்லிமாலே. நீலக் கதவு. ஒரு பெயர்,
அதன்மேல் மீன்குழம்புக் கறை.
நாலு மாசமாகப் போன் இல்லையாம்.

நான் என் வேலையைச் சொன்னேன்:
அங்கே மணிக்கூடு நமக்கு அரை மணித்தியாலம் பின்னால்.
ஒன்பதுக்கு ஏறினால் பத்துக்கு இறங்கலாம்.
"மிச்சம்?"
வரும்போது திருப்பி எடுத்துவிடுவார்கள்.

"அப்ப போறதுக்கு மட்டும் போடுங்க."

ஒருவழி என்றால் இறங்க விடமாட்டார்கள், அக்கா.
திரும்பும் திகதி வேண்டும்.
"உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க."
மின்விசிறி காகிதங்களைப் புரட்டியது.
பதினேழு என்று தட்டினேன், காரணமில்லாமல்.
சன்னலோரம்தான் கொடுத்தேன்.

பதினேழு கழிந்து மூன்று நாள்.
வந்தாளா என்று கணினியில் பார்க்கலாம்,
இரண்டு விசைதான்.
பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் வரிசையில் ஓர் இருக்கை
பட்டி பூட்டாமல்
கடலுக்கு மேலே வந்திருக்கலாம்,
அவள் கடனாக வாங்கிய
அரை மணித்தியாலத்தை மட்டும்
கட்டுநாயக்காவில் இறக்கிவிட.