கூறப்படுகிறது

குளச்சல் பகுதிநேர நிருபர் நான்.
அச்சான செய்திக்கு எழுபது ரூபாய்,
படம் இருந்தால் இருபது கூட.
மாவட்டப் பக்கம் ஒன்பதரைக்கு மூடிவிடும்.

அன்று ஒன்பது ஐந்துக்கு
'கடப்புறச் சொந்தங்கள்' குழுவில் ஒரு குரல்,
காற்று மோதும் குரல், ஐம்பத்திரண்டு நொடி.
வளைகுடாவில் நம்மவர்கள் படகு கட்டும் துறையில்
எட்டு மணிக்குக் குண்டு விழுந்ததாம்.
மூணு போட்டு தீயிலயாம்.
நம்ம பையன்மாரு பதினொண்ணு பேராம்.
மேலே சின்ன எழுத்தில்:
பலமுறை பகிரப்பட்டது.

யார் பகிர்ந்தது?
கொட்டில்பாட்டு லாசர் மிடாலத்தைக் கை காட்டினான்.
மிடாலத்தில் ஒருத்தி
தூத்தூர் மைனி அனுப்பினாள் என்றாள்.
தூத்தூரில் போன் எடுக்கவில்லை.
மணி ஒன்பது இருபத்தாறு.

எழுதினேன்:
'குமரி மீனவர்கள் பதினொரு பேர்
சிக்கியிருக்கலாம் என்று கூறப்படுகிறது.'

எட்டு வருஷமாக எனக்குச் சோறு போடும் சொல்.
இலக்கணப் புத்தகத்தில் 'ஆல்' என்று ஒன்று இருந்தது:
பாம்பு பொன்னனால் அடிக்கப்பட்டது.
பத்திரிகைக்கு வரும் வழியில்
அந்த 'ஆல்' எங்கோ கழன்று விழுந்துவிடும்.
பாம்பு கிடக்கும்.
பொன்னனைக் காணோம்.

நாலேமுக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டில் கட்டு வந்து விழுந்தது.
ஐந்தாம் பக்கம், கீழ் மூலை,
நகைக்கடை விளம்பரத்தின் தலைமாட்டில்
என் பதினொரு பேர்.
ஐந்து பத்துக்கு அதே குழுவில்
என் செய்தியின் படம், சிவப்பு வட்டம் போட்டு:
'பேப்பர்லயே வந்தாச்சு.'

ராத்திரி அவர்களை நம்பி நான்.
விடிந்தால் என்னை நம்பி அவர்கள்.
கரைமடிக்கு இரண்டு கயிறு,
இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கிறோம்;
மடியில் மீன் பட்டதா என்று
கடலில் இறங்கிப் பார்த்தவர் எவருமில்லை.

ஆறு மணிக்குப் புஷ்பலீலா வந்தாள்,
ஜெலஸ்டின் மனைவி.
ஒரு கையில் பேப்பர், மறு கையில் போன்.
அழவில்லை.
"அண்ணே, இத யாரு சொன்னது?"
"ஏஜென்சி..." என்று இழுத்தேன்.
"ஏஜென்சிக்குப் பேரு உண்டா?"

போனை என் முகத்துக்கு நீட்டினாள்.
ஜெலஸ்டின் பெயருக்குக் கீழே
கடைசியாகப் பார்த்தது இன்று 2:17.
"எட்டு மணிக்குக் குண்டுன்னா, இது யாரு பாத்தது?
அவரா?
இல்ல, அவரு போனை எடுத்து வச்சிருக்கவனா?
இதுக்கு எந்தப் பக்கத்துல பாக்கணும்?"

ஏழு மணிக்குக் குழுவைத் திறந்தேன்.
குரல் இருந்த இடத்தில்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
அதிலும் 'ஆல்' இல்லை.
என்னுடையதை நீக்க முடியாது.
ஆயிரத்து நானூறு பிரதி,
மீன் சந்தை தாண்டிக் கருங்கல் வரை போய்விட்டது.
மறுப்பு போடலாம், நாளை,
கட்டைவிரல் அகலத்தில்.
மறுப்புக்குக் காசு கிடையாது.

அவள் போகவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"கூப்பிடுங்க" என்றாள்.
கூப்பிட்டேன். ஒவ்வொரு எண்ணாக, பதினேழு எண்.

பதினொன்று இருபதுக்கு ஒருவன் எடுத்தான்.
"நான் சூசைநாயகம், வாணியக்குடி.
நான் கண்டேன் அண்ணே.
ஒரு போட்டுதான் எரிஞ்சது, அதுல ஆளில்ல.
ஜெலஸ்டின் ஐஸ் அள்ளிட்டிருக்கான்,
போனுல சார்ஜ் இல்ல. நில்லுங்க, குடுக்கேன்."

புஷ்பலீலா போனை வாங்கி
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கேட்டாள்.
பிறகு வைதாள்,
தெருமுனை வரை கேட்க வைதாள்.

அன்று இரவு எழுதினேன்:
'பதினொரு பேரும் நலம் என்று
நேரில் கண்ட வாணியக்குடி சூசைநாயகம் தெரிவித்தார்.'
எழுவாயோடு ஒரு வாக்கியம்.
எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன்.

விடியற்காலை, ஐந்தாம் பக்கம்:
'யாருக்கும் பாதிப்பு இல்லை என்று கூறப்படுகிறது.'

"சூசை எங்கண்ணே?"
புஷ்பலீலா கேட்டாள்.

நகைக்கடை விளம்பரம்
நேற்றைவிட ஒரு விரல் பெரிதாக இருந்தது.